பாய்மம் காந்தமாவது எப்படி? டைனமோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி, சூரியன், பால்வழி மண்டலம் மூன்றுக்கும் பெரிய அளவில் ஒழுங்கான காந்தப்புலம் உண்டு. மூன்றிலும் அதை உண்டாக்குவது கொந்தளித்து ஓடும் மின்கடத்தும் பாய்மம்தான், அதாவது திரவமோ வாயுவோ. இந்த ஏற்பாட்டுக்கு டைனமோ என்று பெயர். இதைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணால் சுட்டியிருக்கிறோம்.

1. பூமிக்குள்ள ஒரு பெரிய காந்தம் இருக்குன்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம்?

அப்படி ஒன்று இருக்க வழியில்லை. இரும்பு 770 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிலைக்காந்தமாக இருக்கும் தன்மையை இழந்துவிடும். பூமியின் வெளிக்கரு 2,890 கி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது. அங்கே வெப்பநிலை 3,500 பாகைக்கு மேல். இரும்பு உருகிக் கிடக்கிறது.

எப்போதோ உண்டான மின்னோட்டம் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. உருகிய இரும்பின் காந்த விரவல் கெழு (மின்தடையால் புலம் எவ்வளவு வேகமாகப் பரவிக் கரையும் என்பதன் அளவு) ஏறத்தாழ நொடிக்கு 1 சதுர மீட்டர். கருவின் ஆரம் 3,480 கி.மீ. ஆரத்தின் வர்க்கத்தை, பையின் (π) வர்க்கத்தால் பெருக்கிய விரவல் கெழுவால் வகுத்தால் சுமார் 40,000 ஆண்டு வரும். யாரும் ஊட்டாவிட்டால் புலம் அந்தக் கால அளவில் தேய்ந்துவிடும். ஆனால் 340 கோடி ஆண்டு பழைய பாறைகளிலும் காந்தப்புலத்தின் தடம் பதிந்திருக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று அதை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

2. டைனமோன்னா சைக்கிள் டைனமோ மாதிரியா?

பாதி சரி. இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றுவது இரண்டுக்கும் பொது. ஆனால் சைக்கிள் டைனமோவுக்குள் ஒரு நிலைக்காந்தம் உருள்கிறது. அதைக் கழற்றிவிட்டால் விளக்கு எரியாது. வானியல் டைனமோவில் நிலைக்காந்தமும் இல்லை, செம்புச் சுருளும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சிறு புலத்தின் குறுக்கே பாய்மம் ஓடுகிறது, அதனால் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அந்த மின்னோட்டம் தன் புலத்தை உண்டாக்குகிறது. இப்படி வந்த புலம் பழையதோடு சேர்ந்து அதை வலுவாக்கினால், அடுத்த சுற்றில் மின்னோட்டமும் கூடும். சூரியனின் காந்தம் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று ஜோசப் லார்மர் 1919இல் முன்வைத்தார்.

ஆற்றல் பாய்மத்தின் ஓட்டத்திலிருந்து வருகிறது. பூமியில் அந்த ஓட்டத்தை நடத்துவது கரு குளிர்வதும், உட்கரு உறையும்போது இலேசான தனிமங்கள் பிரிந்து மேலே எழுவதும். சூரியனில் மையத்து அணுக்கரு ஆற்றலை வெளியே கொண்டுவரும் வெப்பச்சலனம்.

3. மின்சாரம் கடத்துற எந்தத் திரவம் ஓடினாலும் காந்தப்புலம் வந்துடுமா?

வராது. ஓட்டம் புலத்தை இழுத்து வளர்க்கிறது, மின்தடை அதைக் கரைக்கிறது. இரண்டில் எது மேலோங்கும் என்பதைக் காந்த ரெனால்ட்ஸ் எண் சொல்லும். வேகத்தையும் நீளத்தையும் பெருக்கி, காந்த விரவல் கெழுவால் வகுக்க வேண்டும். ஓட்டத்தின் வடிவத்தைப் பொறுத்து அது சில பத்துகளைத் தாண்டினால்தான் பேச்சே.

பூமியின் வெளிக்கருவில் வேகம் நொடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் வெளிக்கருவின் தடிமன் 2,260 கி.மீ. என்பதால் இந்த எண் 1,000ஐ ஒட்டி வருகிறது. சூரியனில் நூறு கோடிக்கும் மேல். உப்புநீரைப் பாத்திரத்தில் எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் ஒன்றைக்கூட எட்டாது. அதனால்தான் ஆய்வகத்தில் உருகிய சோடியத்தை நாடுகிறார்கள் (கேள்வி 11).

4. ஏற்கெனவே கொஞ்சம் புலம் இருக்கணும்னா, முதல் புலம் எங்கிருந்து வந்தது?

விதைப் புலம் மிக மிகச் சிறிதாக இருந்தாலே போதும், ஏனென்றால் வளர்ச்சி அடுக்குக்குறி வளர்ச்சி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை இரட்டிப்பாவது. பூமி சூரியனிலிருந்தும் சூரியன் தான் பிறந்த மேகத்திலிருந்தும் தேவையான விதையைப் பெற்றிருக்கும். புலமே இல்லாத தொடக்கப் பேரண்டத்துக்கு லுட்விக் பீர்மான் 1950இல் ஒரு வழி காட்டினார். எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக இலேசானவை. வெப்பநிலைச் சரிவும் அடர்த்திச் சரிவும் ஒரே திசையில் இல்லாதபோது அழுத்தம் எலக்ட்ரான்களைத் தனியே தள்ளி மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதில் கிடைப்பது ஒரு காஸின் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு, அதிலும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுதான். விதைக்கு அது போதும்.

5. கொந்தளிப்புன்னா எல்லாத்தையும் கலைச்சுப் போடுறதுதானே? அதிலிருந்து ஒழுங்கான பெரிய புலம் எப்படி வரும்?

இந்தப் பக்கத்தின் நடுநாயகமான கேள்வி இதுதான். கொந்தளிப்பு கலைக்கவும் செய்கிறது, கட்டவும் செய்கிறது. புலத்தை ஒரு பெரிய சராசரிப் பகுதியாகவும் சிறு ஏற்ற இறக்கங்களாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். ஏறியிறங்கும் வேகமும் ஏறியிறங்கும் புலமும் தனித்தனியே சராசரியில் பூஜ்யம். ஆனால் இரண்டின் திசையன் பெருக்கத்தின் சராசரி பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. சிறு புலத்தை உண்டாக்கியதே அந்த வேகம் பெரிய புலத்தை அசைத்ததுதான் என்பதால், இரண்டுக்கும் உறவு உண்டு. மிஞ்சும் சராசரி ஒரு மின்னியக்கு விசை. 1966இல் கிழக்கு ஜெர்மனியில் ஸ்டீன்பெக், கிராவுஸ், ரேட்லர் மூவரும் இதை முறையான கோட்பாடாக்கினார்கள்.

அந்த விசையில் இரண்டு பகுதிகள். ஒன்று கொந்தளிப்பு விரவல். இது பெரிய புலத்தைக் கலைப்பது. இதன் அளவு கொந்தளிப்பு வேகத்தையும் சுழியின் (பாய்மம் சுழன்று புரளும் ஒரு பகுதியின்) அளவையும் பெருக்கியதில் மூன்றில் ஒரு பங்கு. மற்றது ஆல்ஃபா விளைவு. இது பெரிய புலத்தின் திசையிலேயே மின்னோட்டத்தை ஓட்டுவது, அதாவது கட்டுவது. கொந்தளிப்புக்கு இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் ஆல்ஃபா பூஜ்யம். சுழிகள் பெரும்பாலும் ஒரே கைப்பக்கமாகத் திருகினால்தான் அது உயிர்பெறும். பாடநூல்களில் ஹெலிசிட்டி என்று வரும் இந்தத் திருகுத்தன்மை, வேகத்தையும் அதன் சுழல்மையையும் (அந்தந்த இடத்தில் பாய்மம் எந்தத் திசையில் எவ்வளவு சுழல்கிறது என்பதையும்) புள்ளிப்பெருக்கம் செய்து எடுத்த சராசரி.

திருகு இல்லாத கொந்தளிப்பும் புலத்தை வளர்க்கும், ஆனால் சுழிகளின் அளவிலேயே, சிக்குண்ட சிறு புலமாக. இதை 1968இல் கசான்ட்செவ் கணக்கிட்டுக் காட்டினார். இது மிக விரைவாக நடக்கும். சிறு புல டைனமோவையும் பெரும் புல டைனமோவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்துறையில் பாதிச் சச்சரவு.

6. அந்தத் திருகு எங்கிருந்து வருது? மேல போறதும் கீழ வர்றதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காதா?

நல்ல கேள்வி. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். வட அரைக்கோளத்தில் ஒரு வெப்பக் குமிழ் எழும்போது அடர்த்தி குறைவான இடத்துக்குப் போகிறது, விரிகிறது. விரிவதைக் கோரியோலிஸ் விசை (சுழலும் பொருளில் நகர்வதைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) திருப்புவதால், மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுழலும். மேலே நகர்ச்சி, கீழ்நோக்கிய சுழல்மை, எனவே பெருக்கம் எதிர்க்குறி. இறங்கும் குளிர்ந்த பகுதியோ சுருங்குகிறது, எதிர்த்திசையில் சுழல்கிறது. இப்போது நகர்ச்சி கீழே, சுழல்மை மேலே. பெருக்கம் மறுபடியும் எதிர்க்குறிதான். இரண்டும் கூடுமே தவிர அடித்துக்கொள்ளாது. தென் அரைக்கோளத்தில் குறி மாறும்.

ஆகத் தேவையானவை இரண்டு: சுழற்சி, அடர்த்தியிலோ கொந்தளிப்பின் வலுவிலோ ஓர் ஏற்ற இறக்கம். இந்தப் படத்தை முதலில் வரைந்தவர் யூஜின் பார்க்கர், 1955இல்.

7. ஆல்ஃபா சரி, ஒமேகா எதுக்கு?

சூரியன் திடப்பொருளாகச் சுழல்வதில்லை. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று, துருவப் பகுதி சுமார் 35 நாளில். வடக்கு-தெற்காக ஓடும் விசைக்கோடுகளை இந்த வேறுபாடு கிழக்கு-மேற்காக இழுத்து நீட்டுகிறது. அதுதான் ஒமேகா விளைவு. இது வலுவானது, புரிந்துகொள்ளவும் எளிது. ஆனால் இதனால் கிழக்கு-மேற்குப் புலத்திலிருந்து வடக்கு-தெற்குப் புலத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. அந்தத் திரும்பும் பாதையை ஆல்ஃபா அடைக்கிறது. எழும் குமிழ்கள் கிழக்கு-மேற்குக் கோடுகளைத் தூக்கித் திருகி, வடக்கு-தெற்குத் தளத்தில் வளையங்களாக்குகின்றன. சுழற்சி வேறுபாடு குறைவாக உள்ள இடங்களில் இரண்டு திசைக்கும் ஆல்ஃபாவே வேலை செய்யலாம்.

8. இந்த மாதிரி டைனமோ சாத்தியமே இல்லைன்னு யாரோ நிரூபிச்சுட்டதா படிச்சேனே?

அது தாமஸ் கௌலிங்கின் 1933ஆம் ஆண்டுத் தேற்றம். ஓர் அச்சைச் சுற்றிச் சீராக அமைந்த புலத்தை டைனமோவால் காப்பாற்ற முடியாது என்பதே அது சொல்வது. அத்தகைய புலத்தில் வடக்கு-தெற்குப் பகுதி பூஜ்யமாகும் ஒரு வளையம் இருந்தே தீரும். அந்த வளையத்தில் ஓட வேண்டிய மின்னோட்டத்தைத் தூண்ட அங்கே புலம் இல்லை. இந்தத் தேற்றத்தை விரிவாக்கிய வேலையில் நம் சுப்ரமணியன் சந்திரசேகரும் இருக்கிறார். ஜார்ஜ் பேக்கஸும் அவரும் 1956இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு செல்டோவிச், தளத்துக்குள் மட்டும் ஓடும் ஓட்டத்தாலும் முடியாது என்று காட்டினார்.

தேற்றம் முழுக்கச் சரி. அது தடை செய்வது சீரான அமைப்பைத்தான். கேள்வி 5இல் சொன்ன சராசரிப் புலம் அச்சுச் சீர் கொண்டிருக்கலாம், ஆனால் அதைத் தாங்கும் சிறு சுழிகளும் சிறு புலமும் அப்படி இல்லை. ஆல்ஃபா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்த முப்பரிமாணச் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

9. சூரியனுக்கு ஏன் 11 வருஷம்? அதைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஆல்ஃபாவும் ஒமேகாவும் சேரும்போது கிடைக்கும் தீர்வு நின்ற புலம் அல்ல, நகரும் அலை. 11 ஆண்டு நீளும் ஓர் அரைச் சுற்றில், சூரியனின் மேற்பரப்பில் தெரியும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை கூடிக் குறையும். அடுத்த அரைச் சுற்றில் துருவமுனைகள் மாறியிருக்கும். ஆகவே முழுச் சுற்று 22 ஆண்டு. சூரியப்புள்ளிகளின் காந்தப்புலத்தை 1908இல் கண்ட ஜார்ஜ் ஹேல், முனைகள் இப்படி மாறுவதையும் காட்டினார்.

அலை வளர்வதற்கும் தேய்வதற்கும் இடைப்பட்ட விளிம்பில், சுற்றுக்காலம் என்பது அலைநீளத்தின் வர்க்கத்தை, கொந்தளிப்பு விரவலின் இரண்டு பை மடங்கால் வகுத்தது. அலைநீளம் சூரிய ஆரமான 7 லட்சம் கி.மீ., விரவல் நொடிக்கு 10 கோடி சதுர மீட்டர் என்று வைத்தால் சுமார் 25 ஆண்டு வரும். மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நொடிக்கு 100 மீட்டர் வேகம், 30,000 கி.மீ. சுழி என்று எடுத்து, கேள்வி 5இன் வாய்பாட்டில் விரவலைக் கணக்கிட்டால் பத்து மடங்கு கூடுதலாக வரும். சுற்றுக்காலம் இரண்டரை ஆண்டாகச் சுருங்கிவிடும். இந்த முரண் இத்துறையின் பழைய தலைவலி.

இன்னொரு தலைவலி அலை நகரும் திசை. புள்ளிகள் 30 பாகை அகலாங்கை ஒட்டித் தொடங்கி நடுக்கோட்டை நோக்கி இறங்குகின்றன. வடக்கில் ஆல்ஃபா (அதன் குறி கேள்வி 6இன் திருகுத்தன்மைக்கு எதிரானது) நேர்க்குறி என்றால், சுழற்சி வேகம் வெளிப்புறமாகக் குறைந்தாக வேண்டும். சூரிய அதிர்வுகளை வைத்து உள்ளே அளந்து பார்த்தபோது, வெப்பச்சலன அடுக்கின் அடித்தளத்தில், நடுக்கோட்டுக்கு அருகே அது கூடுகிறது என்று தெரிந்தது. அதனால் பலர் பாப்காக், லெய்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் முன்பு காட்டிய வழிக்குத் திரும்பினார்கள். சூரியப்புள்ளி இணைகள் சில பாகை சாய்ந்து எழுகின்றன, முன்புள்ளி நடுக்கோட்டுக்குச் சற்று அருகில். அவை சிதையும்போது வடக்கு-தெற்குப் புலம் மிஞ்சுகிறது. நொடிக்கு 10 முதல் 20 மீட்டர் வேகத்தில் துருவம் நோக்கி ஊரும் மேற்பரப்பு ஓட்டம் அதைச் சுமந்துசெல்கிறது. அந்தச் சாய்வை அளக்கப் பயன்பட்ட முக்கியமான படத்தொகுப்புகளில் ஒன்று கொடைக்கானல் வானாய்வகத்துடையது. அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறார்கள்.

இந்த வழியில் முன்கணிப்பும் செய்யலாம், ஆனால் விரவலை எவ்வளவு என்று வைக்கிறோம் என்பதில் விடை தலைகீழாகும். சூரியப்புள்ளிகளின் 24ஆம் சுழற்சி (11 ஆண்டு ஏற்ற இறக்கம் ஒன்று ஒரு சுழற்சி) முந்தையதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலுவாக இருக்கும் என்று ஒரு குழு 2006இல் சொன்னது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அர்னப் ராய் சௌதுரி குழு, விரவலைக் கூட்டி வைத்து, சுமார் 35 விழுக்காடு குறையும் என்றது. 2014இல் உச்சம் வந்தபோது அது குறைந்தே இருந்தது, ஏறக்குறைய அவர்கள் சொன்ன அளவுக்கே.

10. வெள்ளி மெதுவா சுத்துறதாலதான் அதுக்குக் காந்தம் இல்லையா?

பரவலான விளக்கம், ஆனால் போதாது. 243 நாளுக்கு ஒரு சுற்று என்றாலும், கருவின் ஓட்டம் அதைவிட மந்தமாகவே இருக்கும். எனவே கோரியோலிஸ் விசை அங்கும் ஓங்கியே நிற்கும். 59 நாளுக்கு ஒரு முறை சுற்றும் புதனுக்குக் காந்தப்புலம் இருப்பதை மரினர் 10 விண்கலம் 1974இல் கண்டது. வெள்ளியில் இல்லாததற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் காரணம், கரு போதிய வேகத்தில் வெப்பத்தை இழக்காததால் வெப்பச்சலனமே நடக்கவில்லை என்பது. ஓட்டம் இல்லையென்றால் டைனமோ இல்லை.

11. இதை ஆய்வகத்துல செஞ்சு பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். சோடியம் 98 பாகையில் உருகும், நீரைவிடச் சற்று இலேசு, திரவங்களிலேயே மிக நன்றாக மின்கடத்தும். அதன் காந்த விரவல் நொடிக்கு சுமார் 0.1 சதுர மீட்டர். அரை மீட்டர் அளவுள்ள கலத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகம் எட்டினால், கேள்வி 3இன் எண் 50 ஆகும். அதற்கு மேல் போவதுதான் கடினம். கொந்தளிப்பை ஓட்டத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. அதே கலத்தில் எண்ணை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும், அவ்வளவு வெப்பத்தையும் வெளியே எடுத்தாக வேண்டும். போதாததற்குச் சோடியம் காற்றிலும் நீரிலும் தீப்பிடிக்கும். ஆர்கன் வாயுவுக்கு அடியில் வைத்தே வேலை செய்ய வேண்டும்.

லாட்வியாவின் ரிகா அருகே 1999 நவம்பரில் முதல் வெற்றி. சுழலி ஒன்று சோடியத்தைத் திருகலாகக் குழாயில் தள்ளியது. அடுத்த மாதமே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் 52 திருகுக் குழாய்களை அடுக்கிய கலம் புலத்தை வளர்த்தது. ஒவ்வொரு குழாயும் ஒரு சுழியின் இடத்தில் இருக்க, புலம் கலம் முழுவதற்கும் பொதுவாக எழுந்தது. ஆல்ஃபா என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான சோதனை வேறில்லை. ஆனால் இரண்டிலும் குழாய்ச் சுவர்கள் ஓட்டத்தைக் கட்டிவைத்திருந்தன. சுவரின்றிக் கொந்தளிக்கும் சோடியத்தில் 2006இல் பிரான்சின் கடராஷில் நடந்த சோதனை வென்றது. இரண்டு சுழலிகளை வெவ்வேறு வேகத்தில் ஓட்டியபோது, புலம் பூமியில் நடப்பதுபோல் ஒழுங்கற்ற இடைவெளிகளில் முனை மாறவும் செய்தது. ஒரு குறை: சுழலிகள் எளிதில் காந்தமாகும் மென்னிரும்பால் ஆனவை. துருப்பிடிக்காத எஃகுச் சுழலிகளைப் போட்டபோது புலம் எழவில்லை. ஆகவே அது முற்றிலும் பாய்மத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது.

12. வளர்ந்துக்கிட்டே போனா எங்க நிக்கும்?

புலம் வலுத்தால் அதன் விசை ஓட்டத்தையே எதிர்க்கும். காந்த ஆற்றல் கொந்தளிப்பின் இயக்க ஆற்றலை எட்டும் இடம் இயல்பான எல்லை. சூரிய வெப்பச்சலன அடுக்கின் அடியில், கன மீட்டருக்கு 200 கிலோ அடர்த்தி, நொடிக்கு 50 மீட்டர் வேகம் என்றால், அது சுமார் 8,000 காஸ்.

சிக்கல் இனிமேல்தான். 1992இல் வைன்ஷ்டைனும் கட்டானியோவும் எச்சரித்தார்கள்: பெரிய புலம் இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும்போதே, சிறு புலம் முந்தி வளர்ந்து ஆல்ஃபாவை நெரித்துவிடலாம். காந்த ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மோசம், சூரியனில் நூறு கோடி மடங்கு என்ற கணக்கில்.

இதன் வேர் காந்தத் திருகுத்தன்மை மாறாமல் இருப்பதில் இருக்கிறது. நன்கு கடத்தும் பாய்மத்தில் விசைக்கோடுகளின் மொத்தத் திருகு மாற முடியாது. ஆல்ஃபா பெரிய புலத்தில் ஒரு கைத் திருகை ஏற்றினால், அதே அளவு எதிர்க்கைத் திருகு சிறு புலத்தில் சேர்ந்தே தீரும். சேரும் அந்தத் திருகு தன் பங்குக்கு எதிர்க்குறி ஆல்ஃபாவை உண்டாக்கும். இதை 1976இல் பூகே, பிரிஷ், லியோரா மூவரும் எழுதிவைத்தார்கள். தப்பிக்கும் வழி, சிறு திருகை வெளியேற்றுவது. சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகங்கள் திருகிய புலத்தைச் சுமந்தே போகின்றன. டைனமோ மூச்சுத்திணறாமல் இருக்க அவையும் ஒரு காரணம் என்ற கருத்து வலுவானது, எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எல்லா வாயிலையும் மூடிய பெட்டியில் டைனமோ நின்றுவிடுவதில்லை, ஆனால் மின்தடை திருகைக் கரைக்கும் வேகத்தில்தான் நகரும்.

13. பால்வழி மண்டலத்துக்கும் இதே கணக்குத்தானா?

அதே கணக்கு, எண்கள் மட்டும் வேறு. கொந்தளிப்பை ஓட்டுவது சூப்பர்நோவா வெடிப்புகள்: நொடிக்கு 10 கி.மீ., 100 பார்செக் சுழி (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). ஒரு சுழி புரள சுமார் 1 கோடி ஆண்டு. சிறு புலம் அந்த வேகத்தில் வளர்ந்துவிடும். 500 பார்செக் அரைத்தடிமன் உள்ள வட்டில் பெரிய புலம் விரவ சுமார் 70 கோடி ஆண்டு ஆகும். மண்டலத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது குறைவு. எனவே மைக்ரோகாஸ் அளவில் இன்று நாம் காணும் ஒழுங்கான புலம் பிறந்தபோது பெற்ற சொத்தாக இருக்க முடியாது. கட்டிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

14. இதை நானே கணினியில ஓட்டிப் பார்க்க முடியுமா? என்னென்ன தப்பு வரும்?

முடியும். பென்சில் கோட் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே பழக்கப்பட்டது. பக்கம் இரண்டு பை உள்ள கனசதுரம், எல்லாப் பக்கமும் சுற்றிவரும் எல்லை, ஒவ்வொரு திசையிலும் 64 புள்ளிகள். ஒலி வேகம் 1. அலை எண் (பெட்டியின் ஒரு பக்கத்தில் எத்தனை அலை அடங்கும் என்பது) 5இல் முழுத் திருகுள்ள விசையால் கலக்குங்கள். சராசரி வேகம் 0.1ஐ ஒட்டி நிற்க வேண்டும். பிசுக்குமையும் காந்த விரவலும் 0.002. இப்போது, சுழியின் அலை எண்ணை வைத்துக் கணக்கிட்ட காந்த ரெனால்ட்ஸ் எண் 10. மிகச் சிறிய, தாறுமாறான விதைப் புலத்தைப் போட்டு 2,000 கால அலகுவரை ஓட்டுங்கள். நல்ல லேப்டாப்பில் சில மணி நேர வேலை.

முதலில் அடுக்குக்குறி வளர்ச்சி. பிறகு கேள்வி 12இல் சொன்ன மெதுவான ஏற்றம், சுமார் 250 அலகு கால அளவில். முடிவில் பெரிய புலம், ஆற்றல் சமநிலைப் புலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முதல் வளைவு தட்டையானதுமே ஓட்டத்தை நிறுத்திவிடுவது பொதுவான தவறு. இன்னொன்று, கலக்கும் அலை எண்ணை 1.5 என்று வைப்பது. சுழிக்கும் பெட்டிக்கும் இடைவெளி இல்லாவிட்டால் பெரிய புலத்துக்கு வளர இடமே இல்லை. காந்தப்புலத்தை நேரடியாகக் கணக்கிடும் நிரலை நீங்களே எழுதினால், புலத்தின் விரிமை (divergence) பூஜ்யத்திலிருந்து நழுவிக் காந்த ஒருமுனைகள் முளைக்கும். வெக்டர் பொட்டென்ஷியலைக் (vector potential) கணக்கிட்டு அதன் சுருளை (curl) எடுத்துப் புலத்தைப் பெற்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒப்பிடுவதற்குத் திருகை நீக்கி ஒரு முறை ஓட்டுங்கள். இந்த எண்ணில் சிறு புல டைனமோவும் எழாது, விதை தேய்ந்துவிடும்.

அதிகம் பேர் விழும் குழி அளவிடுவதில் இருக்கிறது. பெட்டி முழுவதற்கும் சராசரி எடுத்தால் பூஜ்யம்தான் வரும். சுற்றிவரும் எல்லை உள்ள பெட்டியில் அந்தச் சராசரி மாறவே முடியாது. எழும் புலம் ஓர் அச்சு வழியே சைனாகவும் கொசைனாகவும் திரும்பிக்கொண்டே போகும். ஆகவே அச்சுக்குச் செங்குத்தான தளங்களில் மட்டும் சராசரி எடுக்க வேண்டும். அந்த அச்சு மூன்றில் எது என்பது விதையைப் பொறுத்து ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால், மூன்று திசையிலும் எடுத்துப் பாருங்கள்.